ஸ்விட்ச் போட்டால் ஜீரோவில் நிற்கும் என்று சொன்னேன்

போன மாதம் என் பழைய ஆபீஸிலிருந்து நித்யா போன் பண்ணினாள். நான் ஓய்வு பெற்ற பிறகு என் மேஜையில் உட்கார்ந்திருக்கும் பெண். பழைய டிசைன்களையெல்லாம் புது சிப்புக்கு மாற்றுகிறார்களாம். சிப் கம்பெனி தன் சிப்புக்கென்று தயாராகக் கொடுக்கும் மாட்யூல்களை எடுத்துப் போடுவதா, எந்தக் கம்பெனி சிப்பிலும் ஓடுகிற பொது மாட்யூல்களை வைத்து வரைவதா என்று ஆபீஸே இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறதாம். "அக்கா, உங்க காலத்துல நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டாள். நான் இரண்டு கட்சியிலும் இருந்தவள், இரண்டிலும் அடி வாங்கினவள். போனில் சொல்லி முடியாது, எழுதி அனுப்புகிறேன் என்றேன். அவள் பாவம், ஒரு பக்கம் வரும் என்று நினைத்திருப்பாள்.

நான் பிறந்து வளர்ந்தது வியாசர்பாடி. அப்பாவுக்கு ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை. பாலிடெக்னிக்கில் எலக்ட்ரானிக்ஸ் டிப்ளமா முடித்து, திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து கடற்கரைப் பக்கம் திரும்பும் ஒரு சந்தில் இருந்த சின்னக் கம்பெனியில் சால்டரிங் பெஞ்சில் சேர்ந்தேன். ஐந்து வருஷம் ஈயப் புகை. அப்புறம் டெஸ்டிங். பிறகு டிசைன் பண்ண ஒரு கம்ப்யூட்டர் வந்தது. உடைந்து போனால் யார் பதில் சொல்வது என்று எல்லாரும் அதைத் தூரத்திலிருந்தே கும்பிட்டார்கள். நான் போய் உட்கார்ந்தேன். என் படிப்பும் பயிற்சியும் இவ்வளவுதான்.

மொத்தம் இருபது பேர் இருக்கும் கம்பெனி. கிரேன், கன்வேயர் இவற்றுக்குக் கன்ட்ரோல் போர்டு செய்வோம். ஜன்னலைத் திறந்தால் உப்புக்காற்று, மூடினால் புழுக்கம். செய்த போர்டுக்கெல்லாம் வார்னிஷ் பூச வேண்டும், இல்லாவிட்டால் ஆறே மாதத்தில் சிப்பின் உலோகக் காலெல்லாம் பச்சைப் பூசணம் பிடித்துவிடும். மணலி எண்ணெய் ஆலைப் பக்கமிருந்து காற்று அடிக்கும் நாளில் ஒரு வாடை வரும். அன்றைக்கு யாரும் டிபன் பாக்ஸைத் திறக்க மாட்டோம். இன்றைக்கும் வார்னிஷ் வாசனை எங்காவது அடித்தால் எனக்கு அந்த இடம்தான் ஞாபகம் வருகிறது, வயிறு பசிக்கிறது. அங்கே நான் சந்தோஷமாக இருந்தேன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

இந்தத் தொழில் தெரியாதவர்களுக்காக ஒரு விஷயம். நாங்கள் பயன்படுத்திய சிப்பில் நமக்கு வேண்டிய சர்க்யூட்டை நாமே வரைந்து ஏற்றலாம். எல்லாவற்றையும் முதலிலிருந்து வரைய வேண்டியதில்லை. எண்ணுகிற கவுன்டர், இரண்டு எண்ணை ஒப்பிடும் கம்பேரட்டர் என்று தயார் மாட்யூல்கள் உண்டு. எத்தனை பிட், அதாவது எவ்வளவு பெரிய எண் வரைக்கும், மேலேயும் கீழேயும் எண்ண வேண்டுமா என்று அளவு சொன்னால் போதும், அந்த அளவுக்கு உருவாகிவிடும். இதில் இரண்டு ஜாதி. ஒன்று, பல கம்பெனிகள் சேர்ந்து இதுதான் பெயர், சிக்னல் போய்வரும் பின்கள் இவைதான், இப்படித்தான் வேலை செய்யும் என்று ஒப்புக்கொண்டு எழுதிவைத்தது. இன்னொன்று, ஒரு சிப் கம்பெனி தன் சிப்புக்காகவே செய்தது. இரண்டாவது, டைலரிடம் அளவு கொடுத்துத் தைத்த ரவிக்கை மாதிரி. முதலாவது, பள்ளிக்கூடத்தில் கொடுக்கும் யூனிபார்ம். யாருக்கும் சேரும், யாருக்கும் சரியாகச் சேராது.

நான் டைலர் கட்சி.

தொண்ணூறுகளின் நடுவில், துறைமுகத்துக்குள் கிரேன் ஓட்டும் ஒரு கான்ட்ராக்ட் கம்பெனிக்கு ஒரு போர்டு செய்தேன். பெயர் வேண்டாம், அந்தக் கம்பெனி இப்போது இல்லை. கிரேனின் கொக்கி மேலே ஏறும்போது உச்சிக்குப் பக்கத்தில் வந்ததும் வேகத்தைத் தானாகக் குறைக்க வேண்டும். முழு வேகத்தில் போய் மேலே இருக்கும் கப்பி இரும்பில் மோதக்கூடாது. கயிறு சுற்றும் டிரம்மிலிருந்து துடிப்புகள் வரும். கவுன்டர் அவற்றை எண்ணும். கொக்கி ஏறினால் கூட்டும், இறங்கினால் கழிக்கும். கப்பல் வயிற்றுக்குள் இறங்கினால் தரைக்கும் கீழே போகிறதல்லவா, அப்போது மைனஸ். கேபினில் மூன்று விளக்கு: பச்சை, மஞ்சள், சிவப்பு. அப்புறம் ஒரு ஜீரோ பொத்தான். ஷிஃப்ட் ஆரம்பத்தில் கொக்கியைத் தரையில் வெள்ளைப் பெயின்ட் அடித்த குறியில் வைத்துப் பொத்தானை அமுக்க வேண்டும், அங்கிருந்து எண்ணிக்கை தொடங்கும். மேனுவலில் அப்படித்தான் எழுதியிருந்தோம்.

போர்டை மாட்ட நானே போனேன். புடவை முந்தானையை இழுத்துச் செருகி, கொசுவத்துக்கு மூன்று பின் குத்தி, செங்குத்து ஏணியில் ஏறினேன். கீழே நின்றவர்களெல்லாம் வேலையை விட்டுவிட்டு அண்ணாந்து பார்த்தார்கள். கேபினில் டிரைவர் லூர்துசாமி. ராயபுரத்துக்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர், கிரேன் ஓட்ட ஆரம்பித்து அப்போதே பதினைந்து வருஷம் ஆகியிருந்தது. கண்ணாடிக்கு மேலே ஒரு மாதா படம். நான் மூச்சு வாங்குவதைப் பார்த்துத் தண்ணீர் பாட்டிலை நீட்டினார்.

எல்லாம் விளக்கினேன். அவர் கேட்டது ஒரே கேள்வி. "ஏம்மா, நாங்க ஷிஃப்ட் முடிச்சாலே கொக்கிய வெள்ளைக் குறி மேலதான் உக்கார வெச்சிட்டு சாவிய புடுங்குவோம். அட்த்தவன் வந்து சாவி போட்டா அது அங்கயேதான கீது. மறுக்கா எதுக்கு இந்தப் பொத்தான்?"

நியாயமான கேள்வி. எனக்கு அந்த சிப் கம்பெனியின் புத்தகம் மனப்பாடம். கவுன்டர் மாட்யூல் பக்கத்தில், கீழே சின்ன எழுத்தில் ஒரு வரி உண்டு: கரன்ட் வந்ததும் எல்லாப் பிட்டும் பூஜ்யத்தில் தொடங்கும். அது அந்த சிப்பின் குணம். எனக்கு அது தெரியும் என்பதில் ஒரு பெருமை. நான் சிரித்துக்கொண்டே சொன்னேன்: "தேவையில்லண்ணே. குறி மேல கொக்கி இருந்தா சும்மா ஸ்விட்ச் போட்டா போதும், தானா ஜீரோல நிக்கும்."

அவர் தலையாட்டினார். அன்றிலிருந்து அந்தப் பொத்தானை யாரும் தொடவில்லை. ஒரு வருஷம் கழித்துப் போனபோது அதன் மேல் ஒரு துணிப்பை தொங்கியது. நானும் பார்த்தேன், நம் டிசைன் எவ்வளவு சௌகரியம் என்று பூரித்துப் போனேன்.

இரண்டாயிரம் பிறந்த பிறகு எங்களுக்கு ஒரு டிசைன் தலைவர் வந்தார். கோவிந்தராஜ் சார். மாத்தூரிலிருந்து சைக்கிளில் வருவார். என்னைவிட நான்கு வயது சின்னவர், பி.இ., பெங்களூரில் ஒரு பெரிய இடத்தில் வேலை செய்தவர். அங்கே அவர் செய்த ஒரு கருவி, சிப் கம்பெனி திடீரென்று அந்த சிப்பை நிறுத்தியதால் அப்படியே செத்துப்போனதாம். சூடுகண்ட பூனை. வந்த முதல் வாரமே சொல்லிவிட்டார்: இனிமேல் பொது மாட்யூல்கள் மட்டும்தான். எந்தக் கம்பெனியின் சொந்தச் சரக்கும் கூடாது.

நான் விடவில்லை. இடம் அதிகம் பிடிக்கும் என்றேன், வேகம் குறையும் என்றேன், பாதி சிப் வீணாகும் என்றேன். அவர் சத்தம் போடவே மாட்டார். ஒவ்வொரு தடவையும் ஒரே பதில்தான்: "சரிங்க யசோ, நாளைக்கு அவன் இந்த சிப்பை நிறுத்திட்டா என்ன பண்ணுவீங்க?" அப்போது பார்த்துக்கலாம் என்பேன். ஒருநாள் நிஜமாகவே கடிதம் வந்தது, அந்த சிப் இனி வராது, வேண்டியவர்கள் கடைசி ஆர்டர் போடலாம் என்று. கடிதத்தை என் மேஜையில் வைத்துவிட்டு ஒரு வார்த்தை பேசாமல் டீ குடிக்கப் போய்விட்டார். சொல்லிக்காட்டியிருந்தால்கூட எனக்கு அத்தனை எரிச்சல் வந்திருக்காது.

கிரேன் போர்டைப் பொது மாட்யூல்களில் மறுபடி வரைந்தேன். வேறு கம்பெனி சிப். முணுமுணுத்துக்கொண்டேதான் வரைந்தேன், ஆனால் ஒழுங்காகத்தான் வரைந்தேன்.

கோவிந்தராஜ் சார் ஒரு டிராயிங்கைச் சரிபார்ப்பதைப் பார்த்திருக்க வேண்டும். பெரிய தாளில் பிரின்ட் எடுக்கச் சொல்வார். கம்ப்யூட்டர் திரையில் பார்க்கமாட்டார். மேஜையைச் சுத்தமாகத் துடைத்து, தாளை விரித்து, மூலைக்கொரு டிரான்ஸ்பார்மரை வெயிட்டாக வைப்பார். எல்லாரும் உள்ளே வரும் சிக்னலிலிருந்து ஆரம்பிப்போம். அவர் கடைசியிலிருந்து, அதாவது விளக்கிலிருந்து, பின்னால் நடந்து வருவார். ஸ்டீல் ஸ்கேலை ஒரு கம்பியின் கீழே வைத்து, இது எங்கிருந்து வருகிறது, அது எங்கிருந்து வருகிறது என்று ஒவ்வொன்றாகப் பின்னோக்கி. பொது மாட்யூல்களின் வரையறைப் புத்தகத்தை ஸ்பைரல் பைண்ட் பண்ணி வைத்திருந்தார். ஒவ்வொரு மாட்யூலுக்கும் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஒவ்வொரு பின்னாகப் படித்து, பென்சிலால் ஒரு டிக். தப்பு கிடைத்தால் திட்டமாட்டார், மெல்ல விசிலடிப்பார். அந்த விசில் கேட்டால் ஆபீஸில் எல்லாரும் தங்கள் டிராயிங்கா என்று எட்டிப் பார்ப்போம்.

அந்த போர்டுக்கு இரண்டு நாள் எடுத்தார். கவுன்டரிடம் மட்டும் ஒரு மணி நேரம் நின்றார்.

"கிளியர் பின் எங்க போகுது?"

"ஜீரோ பொத்தானுக்கு சார்."

"மேனுவல்ல பொத்தான் இருக்கா?"

"இருக்கு சார். ஷிஃப்ட் ஆரம்பத்துல அமுக்கணும்னு."

டிக் போட்டார். விசில் வரவில்லை. வரையறையில் அந்தப் பக்கத்தில் எழுதியிருந்த ஒவ்வொரு விஷயமும் டிராயிங்கில் சரியாக இருந்தது. கரன்ட் வந்ததும் எந்த எண்ணில் தொடங்கும் என்று அந்தப் பக்கத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. எழுதியிருப்பதையெல்லாம் சரிபார்த்தவர்கள் நாங்கள். எழுதாததை எப்படிச் சரிபார்ப்பது என்று எங்களுக்குத் தெரியவில்லை. அத்தனை சண்டை போட்டேனே, இந்த ஒரு விஷயத்தை நான் சொல்லியிருந்தால் அவர் ஒரு நொடியில் ஒப்புக்கொண்டிருப்பார். இடம், வேகம் என்று என் கெட்டிக்காரத்தனத்தைக் காட்டுகிற விஷயங்களுக்காகச் சண்டை போட்டேனே தவிர, இது என் புத்தியில் வரவேயில்லை.

புது போர்டை மாட்ட எங்கள் சர்வீஸ் ஆள் போனார். பழையதைக் கழற்றினார், அதே இடத்தில் புதியதை மாட்டினார், அதே மூன்று விளக்கு, அதே பொத்தான். அவர் எதுவும் விளக்கவில்லை, அவர்களும் எதுவும் கேட்கவில்லை.

ஐந்து மாதம் ஓடியது. ஒரு காலை ஷிஃப்டில் லூர்துசாமி சாவியைப் போட்டு, இரும்புக் கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கினார். பச்சை விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. கொக்கி முழு வேகத்தில் உச்சிக்குப் போய் இரும்பில் மோதியது. கடைசிப் பாதுகாப்பாக இருந்த ஸ்விட்ச் மோட்டாரை நிறுத்தியது, ஆனால் அந்த வேகத்துக்கு அது போதவில்லை. கயிறு கப்பியின் பள்ளத்திலிருந்து நழுவி இழைகள் அறுந்தன. கம்பிக் கட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து தொங்கியது. கீழே இருந்தவர்கள் சிதறி ஓடினார்கள். ஓடினதில் ஒருவர் விழுந்து முழங்கை சிராய்த்தது. வேறு யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அது யார் புண்ணியமோ.

அன்றைக்கே விசாரணை. லூர்துசாமியிடம் கேட்டது ஒன்றுதான்: ஷிஃப்ட் ஆரம்பத்தில் ஜீரோ பொத்தானை அமுக்கினாயா? அவர் இல்லை என்று உண்மையைச் சொன்னார். அதோடு முடிந்தது. சஸ்பென்ட். பாதுகாப்பு விதியை மீறியவர் என்று பெயர் விழுந்துவிட்டால் துறைமுகத்தில் வேறு எந்த கிரேனிலும் ஏறவிட மாட்டார்கள். ஐம்பதை நெருங்கும் ஆள், கிரேனைத் தவிர வேறு தொழில் தெரியாது.

எங்களிடம் அந்தக் கம்பெனி கேட்டது ஒரு கடிதம் மட்டும்: போர்டு நல்ல நிலையில் உள்ளது, பொத்தானை அமுக்க வேண்டும் என்று மேனுவலில் உள்ளது. இரண்டே வரி. முதலாளிக்கு உயிர் வந்தது, உடனே டைப் அடிக்கச் சொன்னார். கோவிந்தராஜ் சார் மட்டும், போர்டை டெஸ்ட் பண்ணாமல் நல்ல நிலை என்று எப்படி எழுதுவது என்றார். கழற்றி வந்த போர்டை என்னிடம் கொடுத்தார்.

கவுன்டரின் ஒவ்வொரு பிட்டுக்கும் ஒரு சின்ன விளக்கைக் கட்டினேன். ஸ்விட்சைப் போட்டேன். எல்லா விளக்கும் அணைந்திருந்தது, அதாவது பூஜ்யம். அணைத்துப் போட்டேன். பூஜ்யம். நாற்பது தடவை போட்டேன், நாற்பதும் பூஜ்யம். நல்ல நிலை என்று எழுதிவிடலாம். பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். அப்போது கிரேன் கேபின் ஞாபகம் வந்தது. சாவியைத் திருப்பினால் அங்கே கரன்ட் என் மேஜையில் வருவது மாதிரி சுள்ளென்று வராது. பெரிய மோட்டார்கள் இழுக்கும், விளக்கெல்லாம் மங்கி மங்கி எரியும். வோல்டேஜைக் கையால் திருகி ஏற்றும் வேரியாக் பெட்டியைக் கொண்டுவந்து வைத்து, மெல்லத் திருகி ஏற்றினேன். முதல் ஆறு தடவை பூஜ்யம். ஏழாவது தடவை விளக்குகள் கன்னாபின்னாவென்று எரிந்தன. மைனஸைக் காட்டும் பிட்டின் விளக்கும் அதில் எரிந்தது.

தரையில் இருக்கும் கொக்கி கப்பலுக்குள் ஆழத்தில் இருப்பதாக போர்டு நினைத்திருக்கிறது. அந்த ஆழத்தையும் சேர்த்து எண்ணிக்கொண்டு, உச்சி வந்த பிறகும் இன்னும் தூரம் இருக்கிறது என்று பச்சை காட்டியிருக்கிறது. பழைய சிப் தானாகப் பூஜ்யத்தில் தொடங்கியது. இந்த சிப் அப்படி யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை. வாக்குக் கொடுத்தது நான்.

யாரிடமும் சொல்லாமல், பஸ் பிடித்து ராயபுரம் போனேன். லூர்துசாமி வீடு சர்ச்சுக்குப் பின்னால் ஒரு சந்தில். பகல் நேரத்தில் வீட்டில் இருந்து பழக்கமில்லாத மனுஷன், வாசலில் நின்று தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டு நாற்காலி எடுத்துப் போட்டார். அவர் மனைவி காபி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனார். நான் நேராகக் கேட்டேன், பொத்தானை அமுக்க வேண்டாம் என்று நான்தான் சொன்னேன் என்பதை விசாரணையில் ஏன் சொல்லவில்லை என்று.

அவர் காபித் தம்ளரை என் பக்கம் நகர்த்தினார்.

"நீயா சொன்ன? எனக்கு நெனப்பே இல்லம்மா. அத்தினி வருசமா அப்டிதான ஓட்டிகினு கீறோம். நான் இன்னாவோ எங்களுக்குள்ளயே வந்த பழக்கம்னு நெனச்சிகினு கீறேன். கொக்கி போய் இடிச்ச சத்தந்தான் காதுல கீது. கீழ ஆளுங்க நின்னாங்க பாரு, அத்த நெனச்சா சோறு எறங்கல. என் தப்புதான் போலன்னு வுட்டுட்டேன்."

அவருக்கு ஞாபகமே இல்லை. அந்தக் கேபினில் அன்றைக்கு இருந்தது நாங்கள் இரண்டு பேர். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் உலகத்தில் ஒருத்தருக்கும் தெரியப்போவதில்லை. அந்த யோசனை எனக்கு வந்தது. வரவில்லை என்று சொன்னால் பொய். திரும்பி வரும் பஸ்ஸில் தண்டையார்பேட்டை தாண்டும் வரைக்கும் அது என்னோடுதான் உட்கார்ந்திருந்தது. எனக்கும் வேலை போகலாம், இரண்டு பிள்ளைகள் படிக்கிறார்கள், அவரே தன் தப்பு என்கிறார். ஆனால் அந்த மனுஷன் வாசலில் நின்ற நிலை கண்ணை விட்டுப் போகவில்லை. செய்யாத தப்பை என் தப்புதான் போல என்று எடுத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்கிறார். அதற்குமேல் என்னால் யோசிக்க முடியவில்லை.

கோவிந்தராஜ் சாரிடம் வேரியாக் பெட்டியை வைத்துக் காட்டினேன். அன்றைக்குப் பன்னிரண்டாவது தடவையில் தப்பு எண் வந்தது. அவர் அந்த விளக்குகளையே பார்த்துக்கொண்டிருந்தார், விசில் அடிக்கவில்லை. பிறகு பழைய விஷயத்தைச் சொன்னேன். டிரைவரிடம் நான் சிரித்துக்கொண்டே சொன்ன அந்த வாக்கியத்தை அப்படியே சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன், திட்டினால் தேவலை என்றிருந்தது. அவர் ஸ்பைரல் புத்தகத்தில் கவுன்டர் பக்கத்தைத் திறந்து, தான் போட்ட டிக்கை விரலால் தொட்டார்.

"நீங்க சொன்னது பொய் இல்ல யசோ. அந்த சிப்புக்கு அது உண்மை. அந்த உண்மையை மாத்தினது நான். மாத்திட்டோம்னு அவங்ககிட்ட நான் சொல்லலை."

இதை விசாரணையில் சொல்ல முதலாளி ஒத்துக்கொள்ளவேயில்லை. மேனுவல் நம் பக்கம் இருக்கும்போது எதற்கு வம்பை விலைக்கு வாங்குகிறீர்கள் என்று கத்தினார். சார் அமைதியாக, போர்டு நல்ல நிலையில் இருக்கிறது என்று என்னால் கையெழுத்துப் போட முடியாது, வேறு யார் போட்டாலும் அவர்களிடம் இந்தப் பெட்டியை நானே கொண்டுபோய்க் காட்டுவேன் என்றார். அதற்குப் பிறகு முதலாளி எங்களோடு பேசவில்லை.

நாங்கள் கேட்டதால் விசாரணை மறுபடி கூடியது. மூன்று அதிகாரிகள், ஓரத்தில் லூர்துசாமி, வெள்ளைச் சட்டை போட்டுத் தலை வாரி வந்திருந்தார். வேரியாக் பெட்டியை மேஜையில் வைத்தோம். போர்டு என்னைப் பழிவாங்குவது மாதிரி முதல் இருபது தடவை ஒழுங்காகப் பூஜ்யத்திலேயே நின்றது. அதிகாரிகளில் ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். என் உள்ளங்கை வேர்த்து, குமிழ் வழுக்கியது. புடவையில் துடைத்துக்கொண்டு மறுபடி திருகினேன். இருபத்து மூன்றாவதில் விளக்குகள் எரிந்தன. கடிகாரம் பார்த்தவர் நாற்காலியை இழுத்துக்கொண்டு கிட்டே வந்து, இன்னொரு தடவை காட்டச் சொன்னார்.

பிறகு நான் சொன்னேன். மேனுவலில் இருப்பது ஒன்று, நான் இவரிடம் வாயால் சொன்னது ஒன்று. இவர் நான் சொன்னபடிதான் செய்தார். சார் எழுந்து, டிராயிங்கைச் சரிபார்த்துக் கையெழுத்திட்டது தான்தான் என்றார். லூர்துசாமி எங்களைப் பார்க்கவில்லை, தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் மட்டும் இறங்கியது.

அவருக்கு வேலை திரும்பக் கிடைத்தது. எங்களுக்கு அந்தக் கம்பெனியின் புது வேலை எதுவும் அப்புறம் வரவில்லை, மாட்டின போர்டைச் சரிசெய்து கொடுப்பதோடு சரி. சார் ஒரு வருஷத்துக்குள் வேறு இடம் போய்விட்டார். போக வைத்தார்கள் என்பதுதான் சரி. போகும்போது அந்த ஸ்பைரல் புத்தகத்தை என் மேஜையில் விட்டுப் போனார், கவுன்டர் பக்கத்தில் தன் டிக்கை அழித்துவிட்டு. அவர் இருந்த அந்த மூன்று வருஷம் மாதிரி நான் வேறு எப்போதும் அத்தனை சண்டை போட்டதில்லை, அத்தனை நன்றாக வேலை செய்ததும் இல்லை. அவர் சைக்கிள் நிற்கும் இடம் காலியாக இருந்ததைப் பார்த்து பாத்ரூமுக்குள் போய் அழுதேன். நித்யா, இதை ஆபீஸில் யாரிடமும் சொல்லாதே.

சார் போவதற்கு முன்னால் அந்த போர்டை நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து திருத்தினோம். பொது மாட்யூல்கள் அப்படியே இருந்தன. கரன்ட் வந்ததும் எல்லாவற்றையும் பூஜ்யமாக்க வெளியே தனியாக ஒரு ரீசெட் வைத்தோம். அதையும் நம்பாமல், பொத்தானை அமுக்குகிற வரைக்கும் மஞ்சள் விளக்கு மினுக்கும், கொக்கி மெதுவாகத்தான் ஏறும் என்று செய்தோம். நான் எந்தக் கட்சி என்று கேட்டாயே, அந்த போர்டுதான் என் கட்சி.

இந்தத் தடவை மாட்ட நானேதான் போனேன். சல்வார் போட்டுக்கொண்டு போனேன், ஏணி சுலபமாக இருந்தது. லூர்துசாமி கேபினில் இருந்தார். பழைய மாதிரியே தண்ணீர் பாட்டிலை நீட்டினார். நான் போர்டை மாட்டி, விளக்கு மினுக்குவதைக் காட்டி, அண்ணே, இனிமே நீங்க என்று ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். கோபமாக இல்லை.

"வாயால சொல்லாதம்மா. எழுதிக் குடு."

ஷிஃப்ட் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கொடுத்தார். தமிழில் பெரிய எழுத்தில் நான்கு வரி எழுதினேன். கீழே என் வழக்கப்படி வி.ய. என்று போட்டேன். டிராயிங்குகளில் எப்போதும் அவ்வளவுதான் போடுவேன், கட்டத்தில் இடம் அவ்வளவுதான் இருக்கும்.

அவர் பார்த்தார். "இது இன்னா, ரெண்டு எழுத்து? வர்றவனுக்கு எப்டிம்மா தெரியும், யாருன்னு? முழுப் பேரு போடு."

வி. யசோதரா என்று எழுதிக் கொடுத்தேன். அவர் சட்டைப் பையிலிருந்து கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டு, என் பெயர் வரைக்கும் முழுக்க ஒரு தடவை படித்தார். இன்னொரு தடவை முதலிலிருந்து படித்தார். அதற்குப் பிறகுதான் சாவியைத் திருப்பினார்.